நீதிபதி இல்லாத நாவல்

1857 ஜனவரி 29 அன்று பாரிஸ் குற்றவியல் நீதிமன்றத்தின் ஆறாவது அமர்வில் மூன்று பேர் நிறுத்தப்பட்டார்கள். ‘மதாம் பொவாரி’ நாவலை எழுதிய குஸ்தாவ் ஃப்ளோபேர், அதைத் தொடராக வெளியிட்ட ‘ரெவ்யூ த பாரி’ இதழின் நிர்வாகி லொரான்-பிஷா, அச்சடித்துக் கொடுத்த பிய்யே. பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் இழுக்கு விளைவித்தார்கள் என்பது வழக்கு. அரசுத் தரப்பில் வாதாட எழுந்தவர் எர்னெஸ்ட் பினார். வயது 34, ஃப்ளோபேரைவிட ஒன்று குறைவு. அதே ஆண்டு ஆகஸ்டில் போதலேரின் கவிதைத் தொகுப்பையும் கூண்டில் ஏற்றி, ஆறு கவிதைகளை நீக்க வைத்தவரும் இவர்தான். அதனால் இலக்கிய வரலாறு இவரை ஒரு கோமாளியாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ‘மதாம் பொவாரி’ வழக்கில் அவர் வைத்த வாதத்தைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கு ஒரு விஷயம் புலப்படும். மனிதர் அந்த நாவலை வரிவரியாகப் படித்திருக்கிறார்.

எம்மா பொவாரி கணவனுக்குத் துரோகம் செய்கிறாள், கடனில் மூழ்குகிறாள், கடைசியில் பாஷாணம் தின்று சாகிறாள். தவறிய பெண் செத்துப்போகும் கதைகள் அன்றைய பிரான்சில் ஏராளம். அந்த முடிவு மட்டும் போதுமென்றால் வழக்கே வந்திருக்காது. பினாரை உறுத்தியது வேறு. இந்தப் புத்தகத்துக்குள் இவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒரு ஆளைக் காட்டுங்கள் என்று கேட்டார். கணவனா? அவன் எதையும் அறியாத பரம சாது. அவள் போன பிறகும் அவளையே பூஜிக்கிறான். ஊர்ப் பாதிரியாரா? மனம் தவிக்கிறது என்று தேடி வந்தவளிடம், சாப்பிட்டது செரிக்கவில்லையா என்று விசாரிக்கிறவர். ஊராரின் பொதுக்கருத்தா? அது மருந்துக்கடைக்காரர் ஓமேயின் உருவில் வருகிறது, தன்னைப் பற்றியே முழங்கிக்கொண்டு. ஆக, இவளைத் தலைகுனிய வைக்க ஒரு பாத்திரம் இல்லை, ஒரு வரி இல்லை. புத்தகம் முழுக்க அவளே ஆள்கிறாள் என்றார் பினார்.

இந்த நாவலைப் பற்றி எதிரி ஒருவர் சொன்ன மிகக் கூர்மையான கருத்து இது என்பேன். அவர் குற்றமாகச் சொன்னதுதான் நாவலின் அமைப்பு. கெட்டுப்போன ஒரு கல்யாணத்தைச் சொல்லிவிட்டு, யார் பேரில் பிழை என்று சொல்லாமல் ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டார். அதற்குப் பின் வந்த வாசகர்கள் ஏறக்குறைய அனைவரும், நேசித்தவர்களும் வெறுத்தவர்களும், அந்தத் தீர்ப்பைத் தாங்களே எழுதிப் பார்த்தார்கள். கூண்டில் நிற்கிறவர் மட்டும் மாறிக்கொண்டே வந்தார்.

அன்றைய வாசகர் எந்தச் சட்டத்தின் கீழ் குடும்பம் நடத்தினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி கொண்டுவந்த மணவிலக்கை, மன்னராட்சி திரும்பியதும் 1816இல் ஒழித்துவிட்டார்கள். அது மறுபடி சட்டமானது 1884இல்தான். இடைப்பட்ட 68 ஆண்டுகளில் நொந்துபோன தம்பதியர் பிரிந்து வாழலாம், மறுமணம் செய்ய முடியாது. 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி, வேறொருவனோடு உறவு வைத்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவனுக்கு? வைப்பாட்டியைத் தன் வீட்டிலேயே குடிவைத்து, மனைவியும் புகார் கொடுத்தால்தான் குற்றம். அதற்கும் தண்டனை 100 முதல் 2,000 பிராங்க் வரை அபராதம். இப்படியொரு நாட்டில் எம்மாவின் கதையைப் படித்தவர்களுக்கு, அவள் ஏன் கணவனை விட்டு விலகி வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வியே எழுந்திருக்காது. இன்றைய வாசகர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஃப்ளோபேருக்காக வாதாடிய ஜூல் செனார் சாதாரண ஆளில்லை. தேசிய சட்டமன்றத்தின் தலைவராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். நான்கு மணி நேரம் பேசினார் என்று ஃப்ளோபேர் பெருமையாக எழுதியிருக்கிறார். பினார் நீதிபதி இல்லை என்றார். செனாரோ நாவலின் முடிவே நீதிபதி என்றார். தகுதிக்கு மீறிய படிப்பும் கனவும் ஒரு குடியானவன் மகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எச்சரிக்கும் புத்தகம் இது, தாய்மார்கள் மகள்களுக்குக் கொடுக்கலாம் என்கிற தொனியில் அவர் வாதம் போயிற்று. சாவுப் படுக்கையில் பாதிரியார் எண்ணெய் பூசும் காட்சி சமய நிந்தை என்ற புகாருக்கு, திருச்சபையின் சடங்குப் புத்தகத்தையே எடுத்து வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். இடையில் லாமார்த்தீனையும் சாட்சிக்கு இழுத்தார். அந்த முதிய கவிஞர் கடைசிப் பக்கம் வரை படித்தாராம், பிரமித்தாராம். ஆனால் அந்தப் பெண் செய்த தப்புக்கு இவ்வளவு கொடிய சாவு தகுமா என்று ஆசிரியரிடமே வருத்தப்பட்டாராம். தண்டனை போதவில்லை என்று அரசு வழக்கறிஞர், தண்டனை மிகுதி என்று கவிஞர். ஒரே புத்தகம்தான்.

தொடராக வந்தபோதே சிக்கல் ஆரம்பமாகியிருந்தது. 1856 அக்டோபர் 1 முதல் டிசம்பர் 15 வரை ஆறு பகுதிகளாக வந்த கதையில், ரூவான் நகரத் தெருக்களில் திரை இழுத்துவிட்ட வாடகை வண்டி எம்மாவையும் அவளுடைய இரண்டாவது காதலன் லெயோனையும் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் சுற்றும் இடத்தை ஆசிரியர் குழு பயந்துபோய் வெட்டிவிட்டது. கோபம் கொண்ட ஃப்ளோபேர், நீங்கள் படிப்பது முழு நாவல் அல்ல, துண்டுகள்தான் என்று கடைசிப் பகுதியோடு ஒரு குறிப்புச் சேர்த்தார். வெட்டியதால் வந்த வினையைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள் என்ன நடந்தது என்று நாவலில் ஒரு சொல்கூட இல்லை. வெட்டப்பட்ட பக்கத்தில் வாசகர்கள் தாங்களாக நிரப்பிக்கொண்டதோ ஏராளம்.

பிப்ரவரி 7ஆம் தேதி தீர்ப்பு. மூவரும் விடுதலை. ஆனாலும் நீதிமன்றம் ஃப்ளோபேரைத் திட்டிவிட்டுத்தான் அனுப்பியது: மனத்தை உயர்த்துவதல்லவா இலக்கியத்தின் வேலை, இந்த நூல் கடுமையான கண்டனத்துக்குரியது, என்றாலும் குறைசொல்லத்தக்க இடங்கள் நூலின் அளவை நோக்கச் சிலவே, ஆசிரியர் நெடுநாள் உழைத்திருப்பதும் தெரிகிறது. ஏப்ரலில் மிஷேல் லெவி இரண்டு பாகமாக வெளியிட்டார். ஐந்தாண்டு உரிமைக்கு ஆசிரியருக்குக் கிடைத்தது 800 பிராங்க். வழக்கு புத்தகத்துக்கு விளம்பரமாக அமைந்தது. ஃப்ளோபேருக்கோ அந்தப் புகழ் கசந்தது.

பினார் தடுக்கி விழுந்த ஓர் இடம் உண்டு. முதல் காதலன் ரொதோல்ஃபோடு முதல்முறை காட்டுக்குப் போய்த் திரும்பிய எம்மா கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். தன் கண்கள் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு ஆழமாக என்றைக்கும் இருந்ததில்லை என்று வியக்கிறாள். எனக்கு ஒரு காதலன், எனக்கு ஒரு காதலன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். படித்த கதைகளில் வரும் கள்ளக் காதலிகள் கூட்டமாக அவள் நினைவில் பாடுகிறார்கள். இதோ பிறன்மனை விழைவுக்குப் பாடிய துதி என்று பினார் முழங்கினார். அந்தப் பத்தியில், ‘என்று அவள் எண்ணினாள்’ என்ற வேலி பல வாக்கியங்களில் இல்லை. பரவசம் அவளுடையது, வாக்கியம் கதைசொல்லியுடையது. இன்று எந்தத் தமிழ்ச் சிறுகதையிலும் இந்த உத்தியைத் தடையில்லாமல் கடந்துபோகிறோம். 1857இல் அதை நாவல் முழுக்க விரித்துப் போட்டது புதிது. 1967இல் கோன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற தொடக்க உரையில் ஹான்ஸ் ராபர்ட் யவுஸ் இந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டாக எடுத்தார். இலக்கிய வரலாற்றை எழுத்தாளர்களின் வரிசையாக எழுதினால் போதாது, வாசகர்கள் என்ன எதிர்பார்த்து வந்தார்கள், அந்த எதிர்பார்ப்பு எங்கே உடைந்தது என்று எழுத வேண்டும் என்பது அவர் வாதம். புதிய எழுத்து முறை ஒன்று, தெளிவாக முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்திருந்த ஒழுக்கக் கேள்வியை மறுபடி திறந்துவிட்டது என்றார்.

அதே உரையில் யவுஸ் இன்னொரு நாவலையும் பக்கத்தில் வைத்தார். ஃப்ளோபேரின் நண்பர் எர்னெஸ்ட் ஃபேதோ எழுதிய ‘ஃபான்னி’. அதுவும் மணமான பெண், காதலன், கணவன் என்ற மூன்று பேர் கதைதான். காதலனுக்குக் கணவன் மேல் பொறாமை என்பது மட்டும் அதில் புதுமை. ஓராண்டில் 13 பதிப்பு ஓடியது. இன்று அதன் பெயரை ‘மதாம் பொவாரி’யோடு சேர்த்துத்தான் கேள்விப்படுகிறோம். ஒழுக்கத்தின் பெயரால் கொதித்த அதே வாசகர்கள், அதே விஷயத்தை, தளுக்கான நடையிலும் காதலனின் புலம்பலிலும் குழைத்துக் கொடுத்தபோது ரசித்து வாங்கினார்கள். கதைப்பொருள் அவர்களைச் சுடவில்லை. கதைசொல்லி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாததுதான் சுட்டது.

கல்யாணம் தோற்பதை ஃப்ளோபேர் எப்படிக் காட்டுகிறார் என்பதற்கு ஒரு பத்தியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தோஸ்த் என்ற சிற்றூர், தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை, சாப்பாட்டு நேரம். அடுப்பு புகைகிறது, கதவு கிறீச்சிடுகிறது, சுவர் கசிகிறது, தரைக்கல்லில் ஈரம். வாழ்க்கையின் கசப்பெல்லாம் தன் தட்டில் வந்து விழுந்ததாக அவளுக்குத் தோன்றுகிறது. வேகவைத்த மாட்டிறைச்சியின் ஆவியோடு அவள் உள்ளேயிருந்தும் ஒரு குமட்டல் எழுகிறது. கணவன் ஷார்ல் நிதானமாகச் சாப்பிடுகிறவன். அவள் கொட்டைப் பருப்பைக் கொறிக்கிறாள், அல்லது முழங்கையை ஊன்றி மேசை விரிப்பில் கத்தி முனையால் கோடு கிழிக்கிறாள். சண்டையில்லை, பேச்சுகூட இல்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றே அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு ஆத்திரம் வருவதே அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

எரிஹ் ஔவர்பாஹ் என்ற ஜெர்மானிய யூத அறிஞர், நாஜிகளால் வேலை பறிபோய் இஸ்தான்புல்லில் தங்கியிருந்தபோது எழுதிய ‘மிமேசிஸ்’ (1946) நூலில் இந்தப் பத்தியைப் பிரித்துப் பார்க்கிறார். காட்சி எம்மா வழியாகத்தான் வருகிறது. ஆனால் எம்மாவால் இதை இப்படிச் சொல்லியிருக்க முடியாது. தன் வெறுப்பை இவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்தத் தெரிந்திருந்தால் அவள் அந்த அறையிலிருந்து மனத்தளவிலாவது வெளியேறியிருப்பாள். அவள் உணர்கிறாள், ஃப்ளோபேர் சொல்கிறார், தன் பங்குக்கு ஒரு கருத்தும் சேர்க்காமல். இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் அவர்களுக்குப் பொதுவான உலகம் ஏதுமில்லை என்று ஔவர்பாஹ் கண்டது, நாவலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகப் பிடித்த வாசிப்பு. யாரையும் கூண்டில் ஏற்றாமல் ஈரச் சுவரையும் புகையும் அடுப்பையும் அவரால் பார்க்க முடிந்தது.

நாவல் வந்த நாட்களில் பத்திரிகை விமர்சகர்கள் எழுதியதைவிடச் சுவையானது, ஆன்ஷே நகரிலிருந்து வந்த ஒரு கடிதம். 1856 டிசம்பரில், தொடர் முடிந்த கையோடு, மரி-சோஃபி லெருவாயே த ஷான்ட்பி என்ற பெண்மணி முன்பின் தெரியாத ஃப்ளோபேருக்கு எழுதினார். வயது 56, மணமாகாதவர், தானும் சில நாவல்கள் எழுதியவர், பெரிய வீட்டில் ஆதரவற்ற பலரை வைத்துப் பராமரித்தவர். இது கதையே இல்லை, இப்படியொரு பெண் வாழ்ந்திருக்கிறாள், நீங்கள் அவளை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று அடித்துச் சொன்னார். நீங்கள் காட்டுகிற மாகாண வாழ்க்கை நான் பிறந்து வளர்ந்த வாழ்க்கை, அந்தச் சலிப்பு எனக்குத் தெரியும் என்றும் எழுதினார். கல்யாணமே செய்துகொள்ளாத ஒருவர் தோற்றுப்போன ஒரு கல்யாணத்தில் தன்னைக் கண்டுகொண்டார் என்பது யோசிக்க வைக்கிறது. எம்மாவின் நோய் கணவனால் வந்ததா, ஊரால் வந்ததா என்ற கேள்விக்கு அந்த அம்மையார் அறியாமலே ஒரு பதில் கொடுத்துவிட்டார்.

ஃப்ளோபேர் 1857 மார்ச்சில் எழுதிய பதில் உலகப் புகழ் பெற்றது. நாவலில் உண்மை ஒன்றுமில்லை, முழுக்கக் கற்பனை. என் உணர்ச்சியை, என் வாழ்க்கையை அதில் வைக்கவில்லை. படைப்பில் கடவுள் இருப்பதுபோலக் கலைஞன் தன் நூலில் இருக்க வேண்டும், எங்கும் உணரப்பட வேண்டும், எங்கும் காணப்படக் கூடாது. (மதாம் பொவாரி என்பது நான்தான் என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டுகிறார்களே, அது அவர் எழுத்தில் எங்கும் இல்லை. அமேலி பொஸ்கே என்ற எழுத்தாளரிடம் சொன்னதாக இன்னொருவர் சொல்லி, 1909இல்தான் அச்சேறியது.) இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளாமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மனக்கலக்கத்துக்கு மருந்தாக அவர் அந்த அம்மையாருக்குச் சொன்னது: படியுங்கள், நிறையப் படியுங்கள். படித்ததால் கெட்டாள் என்று ஊரே சொல்லும் பெண்ணைப் படைத்தவர் கொடுத்த மருந்து இது.

விமர்சகர்களுக்கு வருவோம். சேன்-பேவ் 1857 மே 4ஆம் தேதி அரசு நாளேடான ‘மோனித்தோர்’இல் எழுதியது நாவலுக்குப் பெரிய மரியாதை. மருத்துவர் மகனான ஃப்ளோபேர் பேனாவை அறுவைக் கத்தி பிடிப்பதுபோலப் பிடிக்கிறார் என்ற அவருடைய ஒப்புமை அப்போதே ஒட்டிக்கொண்டது. ஆனால் அவருக்கும் ஒரு குறை. நல்லவர் ஒருவரும் இல்லையே! தன்னலமில்லாமல் நேசிக்கிற ஒரே ஜீவன் மருந்துக்கடைப் பையன் ஜுஸ்தென், அவனும் கண்ணில் படுவதில்லை. மாகாணத்தில் தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார்: அறிவும் உணர்ச்சியும் மிகுந்தவள், சலித்துப்போனவள், பிள்ளையில்லை, அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தேடிப்போய் எழுத்தறிவித்துத் தன் வாழ்வை நிரப்பிக்கொண்டாள். எம்மாவும் இப்படிச் செய்திருக்கலாமே என்கிற ஆதங்கம். எம்மாவுக்குப் பெர்த் என்று ஒரு மகள் இருக்கிறாள் என்பதும், அவளைக் கண்டு எம்மாவின் மனம் நிரம்பவில்லை என்பதும் இந்த ஆதங்கத்துக்கு எதிரே நிற்கின்றன. யதார்த்தவாதம் என்று கொடி பிடித்த துராந்தியோ இதில் கணக்குத்தான் இருக்கிறது, உயிரில்லை என்று ஒதுக்கினார். பார்பே தோர்வில்லி, பர்மிங்ஹாம் எஃகில் ஒரு கதைசொல்லும் எந்திரம் செய்தால் அது ஃப்ளோபேரைப் போலத்தான் வேலை செய்யும் என்றார். எம்மா விஷம் உண்ணும் பகுதியை எழுதியபோது பாஷாணத்தின் சுவை தன் நாக்கில் ஏறி, உண்டதை வாந்தியெடுத்ததாகப் பின்னாளில் தேன் என்ற விமர்சகருக்கு எழுதிய மனிதரைப் பற்றிய பேச்சு இது. போதலேர் மட்டும் அக்டோபரில் எழுதிய கட்டுரையில் நேரே எதிர்த் திசையில் போனார்: கண்டிக்கும் பாத்திரம் எதற்கு, படைப்பின் தர்க்கமே போதும், முடிவுக்கு வருவது வாசகன் பாடு என்று. எம்மாவிடம் ஆணின் துணிவும் செயல் வேட்கையும் இருப்பதைக் கண்டுசொன்னவரும் அவரே.

இந்த விவாதத்தை மிக நேராக வைத்தவர், பிற்காலத்தில் ஃப்ளோபேரின் நெருங்கிய தோழியான ஜார்ஜ் சான்ட். 1876 ஜனவரியில் அன்பும் சலிப்புமாக எழுதிய கடிதத்தில், அந்தப் பெண்ணைப் பற்றி, கணவனைப் பற்றி, காதலர்களைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் காட்டியிருந்தால் எல்லோருக்கும் பாடம் தெளிவாகப் புரிந்திருக்குமே என்று கேட்டார். எதிரியான பினார் 1857இல் கேட்டதும் தோழியான சான்ட் 19 ஆண்டு கழித்துக் கேட்டதும் ஒன்றே. சான்ட் தானே மோசமான கல்யாணத்திலிருந்து வழக்காடி வெளியே வந்தவர். மணவாழ்வில் சிக்கிய பெண்களுக்காக நாவல் எழுதியவர். அவருக்கு இந்த மௌனம் பொறுப்பிலிருந்து நழுவுவதாகப் பட்டது. என் மனம் ஃப்ளோபேர் பக்கம் சாய்கிறது என்றாலும் சான்ட்டின் கோபத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

ஆங்கிலேயருக்கு இந்த நாவல் நெடுநாள் தொண்டையில் சிக்கியது. மேத்யூ ஆர்னல்ட் 1887இல் தல்ஸ்தோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘அன்னா கரேனினா’வை மேலே தூக்கி வைத்து, ‘மதாம் பொவாரி’யில் உணர்ச்சி கல்லாகிவிட்டது, ஆசிரியர் தன் நாயகியை இரக்கமில்லாமல் துரத்துகிறார், ஆறுதல் தர ஒரு மனிதர் இல்லை என்றார். ஹென்றி ஜேம்ஸுக்கு வேறு குறை: எல்லாம் சரி, ஆனால் எம்மா இவ்வளவு பெரிய கலையைச் சுமக்கத் தகுதியில்லாத சின்ன மனுஷி. அன்னாவைக் காட்டி எம்மாவைச் சிறுமைப்படுத்துவது பிறகு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. உயர்குடிப் பெண் ரயிலில் விழுந்தால் அவலம், குடியானவன் மகள் பாஷாணம் தின்றால் அற்பம் என்கிற மேட்டிமை இதற்குள் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் கார்ல் மார்க்ஸின் இளைய மகள் எலினாருக்கும் இருந்திருக்க வேண்டும். 1886இல் லண்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அவருடையது. எம்மா சும்மா இருக்கும்படி விதிக்கப்பட்டவள், உலகில் தனக்கொரு வேலை இருக்க வேண்டும் என்று உணர்கிறவள், அது கிடைக்காததால் கனவு காண்கிறவள் என்பதாக அவர் முன்னுரை எழுதினார். கூண்டில் எம்மாவுக்குப் பதில் சமூக அமைப்பு ஏறியது அங்கேதான். எட்வர்ட் ஏவ்லிங்கோடு சட்டப்படி மணம் செய்யாமல் துணைவியாக வாழ்ந்த எலினார், அவர் ரகசியமாக வேறொரு பெண்ணை மணந்திருப்பது தெரிந்த பின் 1898 மார்ச்சில் விஷமருந்தி இறந்தார். மொழிபெயர்த்த நாவல்தான் வாழ்க்கையாயிற்று என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதுவது எலினாரின் பல ஆண்டுத் தொழிற்சங்கப் பணியையும் அரசியலையும் ஒரே நொடியில் எம்மாவின் கனவுகளாக்கிவிடும். நாவலாசிரியர் மாரியோ வார்காஸ் யோசாவுக்கு எம்மா செய்தது நேர்மாறு. தற்கொலை எண்ணம் வந்த நாட்களில் எம்மாவின் சாவைத் திரும்பத் திரும்பப் படித்தது தன்னைத் தாங்கிப் பிடித்தது என்று 1975இல் அவர் எழுதிய நூலில் சொல்கிறார். எம்மாவின் பேராசையை, உடல் இச்சையை, ஆடம்பர மோகத்தைக்கூட அவர் கலகமாகப் பார்த்துக் கொண்டாடுகிறார்.

சினிமாக்காரர்களுக்கும் நீதிபதி இல்லாமல் முடியவில்லை. 1949இல் வின்சென்ட் மின்னெல்லி எடுத்த ஹாலிவுட் படம் நீதிமன்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் மேசன் ஃப்ளோபேராகக் கூண்டில் நின்று, நாவலாசிரியர் வாயே திறக்காத விளக்கத்தையெல்லாம் கொடுக்கிறார். 1993இல் கேதன் மேத்தா இந்தியில் எடுத்த ‘மாயா மேம்சாப்’பிலும் மாயாவுக்கு என்ன ஆயிற்று என்ற விசாரணையாகவே கதை நகர்கிறது. அதில் கணவனாக வரும் ஃபரூக் ஷேக்கைப் பார்க்கும்போது, இந்த நாவலின் வாசகர்கள் மிகத் தாமதமாகக் கவனித்த ஆளின் நினைவு வருகிறது.

ஷார்ல் முழு மருத்துவர் அல்ல. 1803ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய இரண்டாம் தரச் சுகாதார அலுவலர். பெரிய அறுவைச் சிகிச்சையை ஒரு மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் செய்ய அவர்களுக்கு அனுமதி கிடையாது. அந்த ஷார்ல்தான் மனைவியும் மருந்துக்கடைக்காரரும் ஏற்றிவிட்ட ஆசையில், விடுதி வேலையாள் இப்போலீத்தின் வளைந்த பாதத்தை நிமிர்த்தப் போகிறான். கால் அழுகி, வெளியூர் மருத்துவர் வந்து தொடையோடு வெட்டியெடுக்க வேண்டியதாகிறது. கணவன் மேல் எம்மாவுக்கு மிச்சமிருந்த மதிப்பும் அன்றைக்கே போயிற்று. நூறாண்டுகள் வாசகர்கள் ஷார்லை எம்மாவின் கண்ணால்தான் பார்த்தார்கள்: மந்தபுத்தி, குறட்டை, சாரமில்லாத பேச்சு. கார்னெல் பல்கலைக்கழக வகுப்புகளில் நாவலாசிரியர் நபொகோவ் மாணவர்களைத் தடுத்து நிறுத்தி, இந்தப் புத்தகத்தில் எம்மாவை உண்மையாக நேசித்தவன் யார் என்று பாருங்கள் என்றார். ரொதோல்ஃப் இல்லை, லெயோன் இல்லை, இந்த மந்தபுத்திக்காரன்தான்.

ழான் அமேரி இன்னும் ஒரு படி போனார். அவுஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்ட அந்த ஆஸ்திரிய எழுத்தாளர், தன் கடைசி ஆண்டான 1978இல் ஷார்லையே பேச வைத்து ஒரு நூல் எழுதினார். அதில் ஷார்ல் குற்றம் சாட்டுவது எம்மாவை அல்ல, ஃப்ளோபேரை. எனக்கு ஏன் வாய் கொடுக்கவில்லை, ஏன் என்னை முதல் பக்கத்திலேயே கோமாளித் தொப்பியோடு வகுப்பறையில் நிறுத்திச் சிரிக்க வைத்தாய், சுதந்திரமும் சமத்துவமும் பேசிய வர்க்கத்தைச் சேர்ந்த எனக்கு அந்த மரியாதை ஏன் இல்லை என்று கேட்கிறான். உலுக்குகிற நூல். ஆனால் அமேரி ஷார்லுக்காக இவ்வளவு வாதாடிய பிறகும், நாவலில் ஷார்லுக்கு வாய் கொடுக்கப்பட்ட இடம் ஒன்று இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எம்மா இறந்து பல மாதம் கழிந்திருக்கிறது. கடன்காரர்கள் பிடுங்கியது போக மிஞ்சிய குதிரையை விற்க ஆர்கெய் சந்தைக்குப் போன ஷார்ல், ரொதோல்ஃபைப் பார்க்கிறான். எம்மாவுக்குக் காதலர்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும் ஷார்ல் படித்தாயிற்று. ரொதோல்ஃப் சங்கடத்தை மறைக்கக் கடைக்குக் கூட்டிப்போய் பீர் வாங்கிக் கொடுத்து, பயிர், கால்நடை, எரு என்று பேசிக்கொண்டே போகிறான். ஷார்ல் கேட்கவில்லை, அவள் நேசித்த அந்த முகத்தையே பார்க்கிறான், தான் அவனாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். ஒரு கணம் முகம் சிவக்கிறது, ரொதோல்ஃப் பயந்துபோகிறான். பிறகு அதுவும் அடங்கி, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்கிறான். அதோடு, வாழ்நாளில் அவன் பேசிய ஒரே பெரிய வாக்கியத்தையும் சொல்கிறான்: எல்லாம் விதியின் பிழை.

தீர்ப்புச் சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் சொல்லிவிட்டான். பினார் அவனை எதுவும் அறியாத கணவன் என்று ஒதுக்கினாரே, அவன் இப்போது எல்லாம் அறிந்தவன். ஆனால் அந்தச் சொல் அவனுடையதல்ல. எம்மாவைக் கைவிட்டபோது ரொதோல்ஃப் எழுதிய கடிதத்தில், விதியை மட்டுமே குற்றம் சொல் என்று ஒரு வரி வருகிறது. எழுதிவிட்டு, இந்தச் சொல் எப்போதும் நன்றாக எடுபடும் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். சர்க்கரைப் பாதாமிக் கூடையோடு வந்த அந்தக் கடிதத்தைப் பரணில் கண்டெடுத்து ஷார்ல் படித்திருக்கிறான். துரோகம் செய்தவன் எழுதிய சாக்கையே கணவன் மன்னிப்பாகத் திருப்பிக் கொடுக்கிறான், தெரிந்தா தெரியாமலா என்று ஃப்ளோபேர் சொல்லவில்லை. அந்த விதியை நடத்திவைத்த ரொதோல்ஃபுக்கு, இந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதன் இவ்வளவு பெருந்தன்மையாக இருப்பது வேடிக்கையாகவும் கொஞ்சம் இழிவாகவும் பட்டது என்று எழுதிவிட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.